வைக்கோல் போருக்கு எதிரே

அந்த மனிதர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை "கெளம்பு" என்பதுதான். யார் நீ, எங்கிருந்து வருகிறாய், என்ன வேலை என்று எதுவும் கேட்கவில்லை. வயல் வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறி வந்தார். என் மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்தார். அதில் பூட்டியிருந்த கேன்வாஸைப் பார்த்தார். சொன்னார். நான் அப்போது ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை.

"ரோட்லதானண்ணா நிக்கிறேன்," என்றேன்.

"ரோடு உன்னுதா?"

"உங்களுதா?"

அவருக்கு அறுபது வயதிருக்கும். கட்சிக்கரை வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அந்த உடையோடு சேற்றில் இறங்கி நிற்கும் கால். முன்பு ஊராட்சியில் ஏதோ பொறுப்பில் இருந்தவர், இப்போது விவசாயத்தோடு மனை விற்கும் தரகும் பார்ப்பவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதிரே வயல் மூலையில் நிற்கும் வைக்கோல் போர் அவருடையது. அது எனக்கு வேண்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் வழியாகப் போனால் இன்னும் கொஞ்ச தூரத்தில் வருகிற சின்ன ஊர் அது. பேர் வேண்டாம். அங்கே இன்னும் பலருக்கு என் முகம் ஞாபகம் இருக்கிறது, எனக்கும் அவர்கள் முகம் ஞாபகம் இருக்கிறது.

நான் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் ஜரிகை, எந்தக் கட்டத்தில் பட்டு என்று நிரப்புவது வேலை. அன்னம், மாங்காய், ருத்ராட்சம், யாளி. கல்யாணமாகி வந்ததிலிருந்து இதேதான். என் கணவர் தறி நெய்கிறவர், நான் போட்ட டிசைனை அவரே நெய்ததும் உண்டு. எங்கள் வீட்டில் எல்லாமே கரைக்குள் அடங்கும். கரைக்கு வெளியே போகிற எதையும் நான் வரைந்ததில்லை, ஒரு புத்தகத்தைப் பார்க்கும்வரை.

சென்னையில் பழைய புத்தகங்கள் குவித்துப் போட்டிருந்த கடையில் அது கிடைத்தது. தடித்த படப் புத்தகம். வெள்ளைத் தாடி வைத்த ஒரு பிரெஞ்சு ஓவியர். ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது அவர் காலம் முடிந்து. அவர் தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த போரை வரைந்திருந்தார். ஒன்று இல்லை, திரும்பத் திரும்ப. காலையில் ஒன்று, பனி விழுந்த பிறகு ஒன்று, சூரியன் இறங்கும்போது ஒன்று. எல்லாம் அதே போர்தான். ஆனால் ஒன்றில் அது ஆரஞ்சாக எரிந்தது, ஒன்றில் நாவல்பழம் மாதிரி கறுத்துக் கிடந்தது, இன்னொன்றில் கரைந்து காணாமல் போகிற மாதிரி இருந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

புத்தகத்தில் அவர் எந்தப் பிரஷ் வைத்திருந்தார், எந்த வண்ணத்தைக் கலந்தார் என்பதெல்லாம் போட்டிருந்தது. அந்தப் பக்கத்து வயல்காரர் அவரை என்ன சொன்னார் என்று மட்டும் எங்குமே இல்லை.

ஆயில் பெயிண்ட் வாங்கினேன். வீட்டு மாடியில் பழகினேன். கை கொஞ்சம் படிந்ததும் போர் தேடி ஸ்கூட்டரில் சுற்றினேன். இப்போதெல்லாம் அறுப்பு முடிந்த கையோடு மெஷின் வந்து வைக்கோலை உருட்டிக் கட்டுக் கட்டாகப் போட்டுவிடுகிறது. லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். மாடு வைத்திருக்கிற சில வீட்டில்தான் போர் போடுகிறார்கள். அப்படிச் சுற்றியதில்தான் இது கண்ணில் பட்டது. உயரமாக, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, பின்னால் பனைமரங்களும் வேலிகாத்தான் புதரும், அதற்கும் பின்னால் வெறும் வானமுமாக நின்றது. இதைவிட நல்ல போர் கிடைக்காது என்று முடிவு செய்தேன்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் தறியிலிருந்து எழவே இல்லை. "போட்டோ புடிச்சிக்கினு வந்து வீட்ல வரையேன்."

"போட்டோல அந்த வெளிச்சம் வராதுங்க."

"சேலைக்குப் போடுறியே அன்னம், அத எந்தக் கொளத்துல போய் பாத்துக்கினு வந்த?"

அதனாலேயே மறுநாள் விடியும் முன்பே கிளம்பினேன். அந்த நாள்தான் அந்த மனிதர் என்னைக் கிளம்பச் சொன்னது. நான் கிளம்பவில்லை. அவர் செல்போனில் யாரிடமோ சத்தமாக, என் காதில் விழ வேண்டும் என்றே, "எவளோ ஒருத்தி வந்து நின்னுக்கினு இருக்கா" என்று பேசினார், போய்விட்டார்.

முதல் படம் கேவலமாக வந்தது. பிரெஞ்சுக்காரர் ஊரில் சூரியன் மெதுவாக எழுந்து, மெதுவாக இறங்குகிறது போல. இங்கே அது வந்ததும் தெரிவதில்லை, எல்லா நிறத்தையும் வெளுத்துவிடுகிறது. மஞ்சளைக் கலந்து முடிப்பதற்குள் எதிரே இருந்த மஞ்சள் இல்லை. வெள்ளையும் சாம்பலுமாக, துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி ஒரு போர் நிற்கிறது. அவர் நிழலில் நீலம் பார்த்தார். நானும் நீலம் போட்டேன். பொய்யாக இருந்தது. இங்கே நிழலில் செம்மண் இருந்தது.

மறுநாள் போனபோது போருக்கும் ரோட்டுக்கும் நடுவில் டிராக்டர் டிரெய்லர் நின்றது. மாடு கட்டவோ மூட்டை ஏற்றவோ அல்ல, சும்மா. பக்கத்தில் அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு என்னையே பார்த்தார். நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி, அடுத்த வயல்காரரின் வரப்பில் போய் நின்றேன். அங்கிருந்து போரின் இன்னொரு பக்கம் தெரிந்தது. மாட்டுக்குத் தினமும் வைக்கோல் பிடுங்குகிற பக்கம் அது. கீழே குடைந்து, குகை மாதிரி உள்வாங்கி, மேலே மட்டும் துருத்திக்கொண்டு இருந்தது. முன்பக்கத்தைவிட இது எனக்குப் பிடித்துவிட்டது. அதை அவரிடம் சொல்லியிருந்தால் டிரெய்லரை நகர்த்தி இந்தப் பக்கம் போட்டிருப்பார். சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவருடைய மனைவி வந்தார். அவரைவிட உயரம். கையில் ஒரு கொம்பு, கொம்பில் துணி சுற்றிய வைக்கோல் பொம்மை, பொம்மைக்குத் தலையாக ஒரு பழைய சட்டி, சட்டியில் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும். அதைப் போரின் பக்கத்தில், முகம் என்னைப் பார்க்கிற மாதிரித் திருப்பி நட்டார்.

"இது யாருக்குக்கா?" என்று கேட்டேன்.

"கண்ணு வெக்கிறவங்களுக்கு."

"நான் கண்ணு வெக்கலக்கா. வரையுறேன்."

"பாக்காம எப்பிடி வரைவ?" என்றார். "நீ வந்ததுல இருந்து மாடு பால் கொறைச்சிடுச்சு. வெடிகாலையில தனியா வந்து நின்னுக்கினு, அதயே மொறைச்சி மொறைச்சிப் பாத்துக்கினு. நல்ல குடும்பத்துப் பொம்பள செய்யற வேலையா இது?"

அவர் போன பிறகு பொம்மையையும் சேர்த்து வரைந்தேன். ஆத்திரத்தில் வரைந்தேன். பிரஷை விட்டுவிட்டு, வண்ணம் குழைக்கிற கத்தியால் அப்பினேன். அந்தப் படத்தில் போரே ஒரு பெரிய தலை மாதிரி வந்திருந்தது.

அடுத்து வண்டி. ஒரு சாயங்காலம் வரைந்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஸ்கூட்டரின் இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. வால்வைப் பிடுங்கி அங்கேயே போட்டிருந்தார்கள். ஈரமான கேன்வாஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஊர் முனையில் பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார்.

"காத்து மட்டும் அடிச்சிக் குடுங்க."

"மெஷின் ரிப்பேரும்மா."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவர் சைக்கிளுக்கு அதிலிருந்துதான் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்தேன். கடைக்காரருக்கு வெட்கமாகிவிட்டது போல. குரலைத் தாழ்த்தினார். "அவரு சொல்லிட்டாரும்மா. உனுக்கு எதுவும் செய்யக் கூடாதுன்னு. நான் இதே ஊர்ல கட வெச்சிக்கினு இருக்கிறவன்."

"நான் என்னங்க பண்ணேன் அவர?"

"நீ ரோட்டுக்காரங்க ஆளுதான?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் காரில் சிலர் வந்தார்களாம். மூன்று கால் ஸ்டாண்டை நட்டு, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வயலைப் பார்த்தார்களாம். எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தார்களாம். புது ரோடு வரப்போகிறது, நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அதன் பிறகு அங்கே யாருக்கும் சரியான தூக்கமில்லை. இந்த நிலைமையில் நான் ஒரு மூன்று கால் ஸ்டாண்டோடு வந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பென்சிலை நீட்டிப் போரை அளந்திருக்கிறேன்.

பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததால் கோபம் குறையவில்லை. அவர்கள் யாராவது ஒருவர் என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். வால்வைப் பிடுங்கத் தெரிந்த கைக்கு, ஒரு நிமிஷம் படத்தை எட்டிப் பார்க்கத் தெரியாதா? முசரவாக்கம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், அங்கே புது வால்வு போட்டுக் காற்றடித்தேன். வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டு போனேன். எதிரே வந்த ஆடு மேய்க்கிற அம்மாள் ஒதுங்கி வழி விட்டார்.

வீட்டுக்குப் போனதும் என் கணவர் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதோட வுட்ரு," என்றார். நான் மறுநாளும் போனேன்.

போனது வரைவதற்காக மட்டும் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவும் போனேன். நான் ஸ்டாண்டை விரிக்கும்போது அவர் முகம் சுருங்குவது எனக்கு வேண்டியிருந்தது. அவரும் வராமல் இருந்ததில்லை. எனக்கு முன்னால் களை எடுப்பார், மடை வெட்டுவார், வேலை இல்லையென்றால் போருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காருவார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இடையில் மழை பெய்தது. நனைந்த போர் கறுத்து, மேலே ஆவி பறந்தது. பிறகு காய்ந்து, ஓரத்தில் வெளுத்தது. ஒவ்வொரு வாரமும் அது சிறுத்துக்கொண்டே வந்தது. இது நான் எதிர்பார்க்காதது. புத்தகத்தில் போர் அப்படியே இருக்கிறது, வெளிச்சம் மாறுகிறது. என் போரை மாடு தின்றுகொண்டிருந்தது. போன வாரத்துப் படத்தைத் திருத்தலாம் என்று எடுத்துப் போனால் அந்தப் போர் அங்கே இல்லை, வேறொன்று நிற்கிறது.

அப்படி ஒரு சாயங்காலம் அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரப்பில் வந்தார். ஒருவர் அவருடைய தம்பி என்று முகத்திலேயே தெரிந்தது. மற்றவர் கேன்வாஸை ஸ்டாண்டிலிருந்து கழற்றிவிட்டார். நான் பிடிப்பதற்குள் அது அவர் கையில் இருந்தது.

"இதுல சர்வே நம்பர் எங்க போட்டுருக்க?" என்று கேட்டார் வயல்காரர்.

"நம்பரெல்லாம் இல்ல. போர்தான் இருக்குது."

மூன்று பேரும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கமும் பார்த்தார்கள். தம்பி விரலால் தடவினார், விரலில் வண்ணம் ஒட்டியது, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எங்க நெலம் எங்க?" என்றார் வயல்காரர்.

"நெலத்த வரையல. கீழ ஒரு பட்டை மாதிரி தெரியுது பாருங்க, அதான்."

"மூணு போகம் வெளையுற நெலம். உனுக்குப் பட்டையா தெரியுதா?"

இவ்வளவு நாள் நிலத்தை வரைகிறாள் என்று என்னை விரட்டியவர், இப்போது வரையவில்லை என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. அவர் படத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கேட்டேன், கத்தினேன், தரவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். பட்டப்பகலில் போனேன். வாசலில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என் படத்தக் குடுங்க."

"எந்தப் படம்?"

நான் அவரைத் தாண்டிப் பார்த்தேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் மாட்டுக் கொட்டகை. அதன் மேற்குப் பக்கம் கீற்று பிய்ந்துபோன இடத்தில், சாரல் அடிக்காமல் இருக்க, என் கேன்வாஸை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். வண்ணம் பூசிய பக்கம் உள்ளே, மாட்டைப் பார்த்தபடி. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வண்ணம் இன்னும் முழுக்கக் காயாமல் இருந்ததால் வைக்கோல் தும்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சட்டத்தின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. அதற்குள் அவர் மனைவி வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். கன்று மிரண்டு கயிற்றைச் சுற்றிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இழுத்தோம். ஒரு மூலை கிழிந்த சத்தம் கேட்டதும்தான் அவர் விட்டார்.

"திருட்டுக் குடும்பம்," என்றேன்.

"யார்றி திருடி? எங்க போர்ல வந்து நின்னது யாரு? அந்தப் போர் போட்டது யார் தெரியுமா உனுக்கு? நான். மேல ஏறி மிதிச்சவ நான். அவரு இல்ல. என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ? அவருகிட்ட சண்ட போட்ட. என்ன கேட்டியா?"

அதைக் கேட்டு நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கிழிந்த மூலைதான் தெரிந்தது. அவர் கணவரைத் திரும்பிப் பார்த்து, தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னேன். "நான் நெலத்த எடுக்க வந்தவள்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. இந்த ஊர்ல ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வயலெல்லாம் பிளாட் போட்டு வித்தது யாரு? மூணு கால் ஸ்டாண்டு இல்லாமதான வித்தீங்க?"

வண்டி தள்ளிய நாளுக்குப் பிறகு ஒரு தடவை பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டு இதைத் தெரிந்துவைத்திருந்தேன். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் அவர் வாசலில் நின்று யாரும் சொன்னதில்லை போல. அவர் பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். அவர் மனைவி மட்டும், "இனிமே இந்தப் பக்கம் வந்தினா கால ஒடைச்சிடுவேன்," என்றார். அதை அவர் கத்தாமல் சொன்னார்.

வீட்டில் என் கணவர் வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஊர் சண்டய வீட்டுக்குக் கொண்டாராத," என்றார். நான் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஸ்டாண்டை மடித்துத் துணியில் சுற்றி எடுத்துப் போவேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொல்லித் தினமும் சண்டை. அந்த வருஷம் எனக்கு எல்லோரிடமும் சண்டை.

இதற்கிடையில், முடித்த படங்களைப் போட்டோ எடுத்துச் சென்னையில் ஓவியக் கண்காட்சி நடத்துகிற ஒரு அம்மாளுக்கு அனுப்பினேன். அவர் ஒரு நாள் போன் செய்தார். மிகவும் இனிமையான குரல். "உங்களுக்கு நல்ல கை இருக்கும்மா. ஆனா இது அந்த பிரெஞ்சுக்காரரோட காப்பி மாதிரி இருக்கு. காஞ்சிபுரத்துக்காரங்க நீங்க. ஒரு கோபுரம், ஒரு தறி, அந்த மாதிரி ஏதாவது போட்டீங்கன்னா வித்தியாசமா இருக்கும்."

எங்கள் வீட்டு நடுவில் தறி இருக்கிறது, மாடிக்குப் போனால் கோபுரம் தெரிகிறது என்று சொன்னேன். "அதான், அதான்," என்று அவர் சந்தோஷப்பட்டார். போனை வைத்துவிட்டேன். வயல்காரர் குடும்பத்துமேல் இருந்ததைவிட அன்றைக்கு அந்த அம்மாள்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அவர்களாவது என் படத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

நிஜமான சர்வே ஆட்கள் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். போர் அப்போது என் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. வேனில் வந்தவர்கள் இறங்கி, ரோட்டோரம் அவர்களுடைய ஸ்டாண்டை விரித்தார்கள். என்னுடையதற்கும் அவர்களுடையதற்கும் தூரத்தில் பார்த்தால் வித்தியாசமில்லை. ஊர் மொத்தமும் திரண்டு வந்தது. பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து ஆதரவுக்கு வந்த சில இளைஞர்கள் என்னைப் பார்த்ததும், "இங்க ஒருத்தி இருக்காடா" என்று வரப்பில் ஓடி வந்தார்கள். ஒருவன் என் ஸ்டாண்டை எட்டி உதைத்தான். வண்ணப் பெட்டி சேற்றில் விழுந்தது. என் தோளைப் பிடித்து இன்னொருவன் தள்ளினான்.

கூட்டத்திலிருந்து வயல்காரர் வந்தார். நான் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன்.

"அத வுடுங்கப்பா. அது பைத்தியம். வைக்கப்போர வரையுது. கெவர்மென்ட் இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"எனுக்குத் தெரியாதா? எத்தினி மாசமா என் உயிர வாங்கிக்கினு இருக்குது. வுடுங்க."

அவர்கள் விட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ரோட்டுக்குத் திரும்பி, வேன்காரர்கள் முன்னால் போய் நின்றுகொண்டு அவர்களிடம், என்னிடம் பேசுகிற அதே குரலில் பேச ஆரம்பித்தார். நான் சேற்றிலிருந்து வண்ணக் குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பைத்தியம் என்ற வார்த்தை அதைத் தடுத்துவிட்டது. அன்றைக்கு வேன் திரும்பிப் போனது. பிறகும் வந்திருக்கும். ரோடு வருமா வராதா என்று இதை எழுதும்வரை அங்கே யாருக்கும் தெரியாது.

அடுத்த அறுப்பு முடிந்ததும் போனேன். புதுப் போரை முதலிலிருந்து, பச்சை வாடை மாறாத நாளிலிருந்து வரைய வேண்டும் என்று ஆசை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால், வயல் மூலை காலியாக இருந்தது. பழைய போர் இருந்த இடத்தில் மண் வெளுத்து, வட்டமாக ஒரு தடம். மக்கிய வைக்கோல் கொஞ்சம், கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. வயல்காரரின் மனைவி சாணிக் கூடையோடு ரோட்டைக் கடந்து வந்தார். நாங்கள் நின்றோம்.

"இந்த வாட்டி ஊட்டுக்குப் பின்னால போட்டுட்டோம்," என்றார்.

"ஏன்க்கா?"

"மாட்டுக்குக் கிட்டக்க இருக்கட்டும்னு."

வீட்டின் பின்பக்கம் ரோட்டிலிருந்து தெரியாது. வரப்பிலிருந்தும் தெரியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்ட விதத்தில் ஒரு திருப்தி இருந்தது. அவர் அந்தப் போரை எனக்குத் தரவில்லை. அவர் போட்ட போர் அது. தராமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு என்று இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்கு முடியவில்லை.

திரும்பிப் போக மனம் வரவில்லை. ஸ்டாண்டை விரித்து அந்தக் காலி மூலையை வரைந்தேன். வெளுத்த வட்டம், கோழிகள், பனைமரம், வானம். கீழே நிலம். இந்த முறை நிலத்தைப் பட்டையாகப் போடவில்லை. அறுத்த நெல்தாள் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி நேரம் எடுத்துப் போட்டேன். பிரெஞ்சுக்காரர் இதற்கு என்ன செய்திருப்பார் என்று யோசிக்கவில்லை. கோபத்தில் அவரை மறந்துவிட்டிருந்தேன்.

வயல்காரர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முதல் தடவையாக எனக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நின்றார்.

"அங்க ஒண்ணுமே இல்லியே."

"ஆமா."

"இல்லாதத எதுக்கு வரையுற?"

"இருந்தத நீங்க எடுத்துட்டீங்க."

அவர் கொஞ்ச நேரம் படத்தில் நிலம் இருந்த பகுதியைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "மதியானம் தண்ணி தொறந்து வுடுவேன். வரப்பு ஊறிடும். அதுக்குள்ள முடி," என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே திறந்துவிட்டார். கடைசிக் கொஞ்சத்தைத் தண்ணீரில் நின்றுகொண்டு முடித்தேன்.

அந்தக் குடும்பத்தோடு எனக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. சந்தையில் ஒரு முறை அவர் மனைவியைப் பார்த்தேன், இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பஞ்சர் கடைக்காரர் மட்டும் கண்டால் தலையாட்டுவார்.

காலி மூலைப் படத்தை வீட்டில் கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டினேன். மற்றவை பரண்மேல் இருக்கின்றன, கிழிந்ததும் சேர்த்து. மாட்டி முடித்து ஸ்டூலிலிருந்து இறங்கும்போது என் கணவர் தறிக்குழியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"இதுக்கா அவ்ளோ சண்ட போட்ட?"

"இதுக்குத்தான்," என்றேன்.

அவர் ஊடை நூல் நாடாவைத் தறிக்குள் எறிந்தார். தறிச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. எனக்கு அன்றைக்கு முடிக்க வேண்டிய மாங்காய்க் கரை ஒன்று பாதியில் இருந்தது. உட்கார்ந்து கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தேன்.